ராத்திரி ஏழு மணியானால் நெட் படுத்துவிடுகிறது: நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: திருத்தங்கலில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்க்கிறேன். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் செய்வேன். கணவருக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. என் வருமானமும் சேர்ந்தால்தான் குடும்பம் ஓடும். ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டி 200 எம்பிபிஎஸ் பைபர் லைன் வாங்கினேன். என் சிஸ்டத்துக்கு வைபை கிடையாது, மோடத்திலிருந்து லேன் ஒயர் நேராக வருகிறது. காலையில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94 காட்டும்; அதற்கு மேல் ஒருநாளும் போனதில்லை. ராத்திரி ஏழு மணிக்கு மேல் 6, 7 என்று விழுந்துவிடும், அப்லோடு ஒன்றரைதான். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடுகிற நேரத்தில் 800 எம்பி பைல் ஒன்றை அனுப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. லைன் கொடுத்த கேபிள் அண்ணாச்சி, "உங்க வீட்டு ஒயர்தாம்மா கோளாறு" என்கிறார். கம்பெனிக்கு போன் போட்டால், "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்பதோடு சரி. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், "தொழிலுக்கு வச்சிருக்கீங்க, கேஸ் நிக்காது" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்யட்டும் சார்?
– வாசகி, திருத்தங்கல்

பதில்: கேஸ் நிற்கும் என்பதே என் கருத்து. ஆனால் இப்போது கையில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் உங்களுடைய 94-ஐத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்.

ஏனென்றால் அண்ணாச்சி சொல்வதில் பாதி உண்மை இருக்கலாம். லேன் ஒயருக்குள் எட்டு இழைகள் உண்டு. எட்டும் சரியாக இருந்தால்தான் அது 1000 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும். கதவிடுக்கில் நசுங்கியோ, எலி கடித்தோ, முனையில் கிளிப் சரியாக அடிக்காமலோ ஒரு இழை விட்டுப்போனாலும் பல நேரம் இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அந்த 100-ல் டெஸ்ட் போட்டால் கையில் வருவது 94, 95தான். உங்கள் 94 நாள் தவறாமல் 94-ஆகவே நிற்பதைப் பார்த்தால் இதுதான் என்று தோன்றுகிறது. சிஸ்டத்தில் ஈதர்நெட் செட்டிங்கைத் திறந்து லிங்க் ஸ்பீடு என்ன என்று பாருங்கள். 100/100 என்று இருந்தால் கடையில் கேட்-6 ஒயர் ஒன்று வாங்கி மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகும் 100-தான் என்றால் உங்கள் சிஸ்டத்தின் போர்ட்டையும் மோடத்தின் போர்ட்டையும் பார்க்க வேண்டும். பல மோடங்களில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100-ஐத் தாண்டாதவை. எல்லாமே 100 போர்ட்டாக இருக்கும் மோடத்தைக் கம்பெனி கொடுத்துவிட்டு 200-க்குப் பணம் வாங்கியிருந்தால், சண்டையே வேண்டாம், அது சேவைக் குறைபாடுதான். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரை போட்டோ எடுத்து வையுங்கள்.

அண்ணாச்சி சொல்வதில் உண்மையில்லாத மறுபாதிதான் உங்கள் கேஸ். வீட்டு ஒயருக்குக் காலை எது, ராத்திரி எது என்று தெரியாது. காலையில் 94 கொடுத்த அதே ஒயர் ராத்திரி ஏழு மணிக்கு 6 கொடுக்கிறது என்றால் குறை ஒயருக்கு வெளியே இருக்கிறது. வழக்கமான காரணம் நெரிசல். வீட்டு பைபரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரு இழையின் சுமார் இரண்டரை ஜிபிபிஎஸ் வேகத்தை 32 வீடோ 64 வீடோ பகிர்ந்துகொள்கின்றன. அதற்கும் மேலே, உள்ளூர் ஆபரேட்டர் கம்பெனியிடம் மொத்தமாக எவ்வளவு எடுத்திருக்கிறார் என்பது இருக்கிறது. தெருவே டிவியில் படம் பார்க்க உட்காரும் நேரத்தில் அவர் எடுத்த அளவு போதாமல் போகிறது.

எதிர்த்தரப்பு வேறு இரண்டு கதவுகள் வழியாகத் தப்பப் பார்க்கும். அவற்றை இப்போதே சாத்திவிடுங்கள். ஒன்று, டேட்டா வரம்பு. "அளவில்லா" பிளானிலும் மாதம் இத்தனை ஜிபி தாண்டினால் வேகம் குறையும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அப்படிக் குறைந்தால் பில் மாதம் முடியும் வரை இரவும் பகலும் ஒரே மாதிரி குறைந்தே இருக்கும். ராத்திரி மட்டும் குறையாது. கம்பெனியின் ஆப்பில் பயன்பாட்டு அளவைப் படம் எடுத்து வைத்தால் அந்தப் பேச்சு எடுபடாது. இன்னொன்று, "ராத்திரி உங்க வீட்டிலயே டிவி, போன் எல்லாம் ஓடுதே" என்பது. டெஸ்ட் போடும்போது மோடத்தில் வைபையை அணைத்துவிட்டு உங்கள் சிஸ்டம் ஒன்றை மட்டும் ஒயரில் வைத்துப் போடுங்கள். ஒரே சர்வரைத் தேர்ந்தெடுத்து, காலையிலும் ராத்திரியிலும், ஒரு வாரத்துக்குக் குறையாமல் போடுங்கள். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். டெக்னீசியன் வந்தால் பவர் மீட்டரில் பைபர் ஒளியின் அளவைப் பார்க்கச் சொல்லி, சர்வீஸ் சீட்டில் எழுதி வாங்குங்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்ல லைன். மைனஸ் 27-ஐத் தாண்டியிருந்தால் வெளியில் எங்கோ மடிப்போ மோசமான ஒட்டோ இருக்கிறது.

இந்த ஸ்கிரீன்ஷாட்டுகள் மின்னணு ஆவணங்கள். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-வது பிரிவு இவற்றோடு சான்றிதழ் கேட்கிறது; பழைய சட்டத்தில் 65-பி என்று வக்கீல்கள் வாயில் புழங்கியதுதான். நுகர்வோர் ஆணையம் சிவில் கோர்ட் மாதிரி சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. இருந்தாலும் சான்றிதழை வைத்தே தாக்கல் செய்யுங்கள். வீணாக ஒரு ஆட்சேபணைக்கு எதற்கு இடம் கொடுக்க வேண்டும்?

அடுத்தது புகார். கேபிள் அண்ணாச்சியிடம் சொன்னது சட்டப்படிப் புகார் ஆகாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, கம்பெனியின் புகார் மையத்தில் பதிவு செய்து, டாக்கெட் நம்பர் வாங்க வேண்டும். "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். "இன்ன தேதி முதல் இரவு ஏழு மணிக்கு மேல் 200-க்கு 6 வருகிறது, பகலில் இந்தக் குறை இல்லை" என்று சொல்லுங்கள். பழுதுப் புகாருக்கு மூன்று நாள் கெடு. தீரவில்லை என்றால், கெடு முடிந்ததிலிருந்து 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீடு செய்யாமலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் தடையில்லை. ஆனாலும் செய்துவிட்டே போகச் சொல்வேன். அந்த அதிகாரியின் பதில் பெரும்பாலும் பொத்தாம்பொதுவாக இருக்கும். அதுவே நமக்கு நல்ல ஆவணம். டிராய்க்கே நேராக எழுதினால் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி வைப்பார்கள், தனிநபர் வழக்கை அவர்கள் விசாரிப்பதில்லை. டெல்லியில் இருக்கும் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயமான டிடிசாட்டும் உங்களுக்கான இடமில்லை.

புகாருக்கு வரும் பதிலில், "பிராட்பேண்ட் என்றால் 2 எம்பிபிஎஸ்தான், அதற்கு மேல் கொடுக்கிறோமே" என்று எழுதினாலும் எழுதுவார்கள். பிராட்பேண்ட் என்று பெயர் சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வரையறுத்தது உண்மை. ஆனால் நீங்கள் பணம் கட்டியது 200-க்கு. டிராயின் 2006 தர ஒழுங்குமுறையே, வாங்கிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும், உச்ச நேரத்தில் லைன் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்று அளவுகோல் வைத்தது. 2024 அக்டோபர் 1 முதல் அந்த இடத்தில் புதிய ஒழுங்குமுறை இருக்கிறது. மனுவில் அதையே குறிப்பிடுங்கள்.

இனி, உங்களுக்குத் தெரிந்தவர் கிளப்பிய சந்தேகம். அது லேசான சந்தேகம் இல்லை. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு சொல்கிறது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று விதிவிலக்கும் தருகிறது. கோவை பிஎஸ்ஜி தொழிற்கூடத்திடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரும், தானே இயக்கிப் பிழைக்க லேத் வாங்குபவரும் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய நிறுவனம் தோற்றது என்பது வேறு கதை.

சிக்கல் எங்கே என்றால், பழைய 1986 சட்டத்தில் இந்த விதிவிலக்கு பொருளுக்கும் சேவைக்கும் இருந்தது. 2019 சட்டத்தின் விளக்கத்தில் பொருள் மட்டும்தான் இருக்கிறது, சேவை விடுபட்டுவிட்டது. விவரம் தெரிந்த வக்கீல் எதிரே நின்றால் இதைக் கிளப்பத்தான் செய்வார். நம் பதில், முதன்மை நோக்கம் என்ன என்பதில் இருக்கிறது. மும்பை லீலாவதி மருத்துவமனை அறக்கட்டளை நர்ஸுகளின் தங்குமிடத்துக்காக வாங்கிய குடியிருப்புகள் பற்றிய வழக்கில், பரிவர்த்தனையின் முதன்மை நோக்கம் லாபம் ஈட்டுவதோடு நேரடித் தொடர்புள்ளதா என்று பார்க்க வேண்டும் என 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அறக்கட்டளையை நுகர்வோராக ஏற்றது. உங்களுடையது வீட்டுக் கனெக்‌ஷன், வீட்டு பிளான். வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். தொழிலை மறைக்க வேண்டாம். தனியாளாகப் பிழைப்புக்குச் செய்கிறேன் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். கனெக்‌ஷனைக் கடைப் பெயரில் எடுத்து, ஜிஎஸ்டி நம்பர் கொடுத்து பில் வாங்கியிருந்தால் மட்டும் என் பதில் மாறும். அப்படியிருந்தால் மனு எழுதும் முன் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

இதே காரணத்தால்தான் நஷ்ட ஈட்டிலும் அடக்கி வாசிக்கச் சொல்கிறேன். ஆடிப்பெருக்கு சீசனில் ஆர்டர் போயிருந்தால் வேதனைதான். ஆனால் "லட்சக்கணக்கில் வியாபாரம் போச்சு" என்று மனுவில் எழுதினால், வணிக நோக்கம் என்ற எதிர்த்தரப்பு வாதத்தை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தவிர, எந்த அச்சகம் எந்தத் தேதியில் எதற்காக ஆர்டரை ரத்து செய்தது என்று எழுத்தில் காட்ட வேண்டியிருக்கும். கட்டிய கட்டணத்தில் குறைவாகக் கிடைத்த சேவைக்குரிய பங்கு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றோடு, வேகத்தைச் சரிசெய்ய உத்தரவும் கேளுங்கள். கடைசியாகச் சொன்ன உத்தரவுதான் உண்மையில் உங்களுக்கு வேண்டியது.

தொலைபேசி, இன்டர்நெட் தகராறு நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று பழைய தீர்ப்பைக் காட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2009-ல் எம்.கிருஷ்ணன் வழக்கில், தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. 2022 பிப்ரவரி 16-ல் வோடஃபோன் ஐடியா எதிர் அஜய் குமார் அகர்வால் வழக்கில் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்த்துவிட்டார்கள். 2019 சட்டம் சேவை என்பதன் வரையறையிலேயே தொலைத்தொடர்பைச் சேர்த்திருக்கிறது. 2022 தீர்ப்பின் நகல் ஒன்றை மனுவோடு வைத்தால் போதும்.

எதிர்மனுதாரர்களாகக் கம்பெனி, உள்ளூர் ஆபரேட்டர் இருவரையும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் மேல் கை காட்டுவார். அண்ணாச்சி முகத்துக்காக அவரை விட்டுவிட வேண்டாம். பணம் அவர் கையில் கொடுத்து ரசீது வாங்கவில்லை என்றால் இப்போதே கேளுங்கள். ரசீது தராமல் இருப்பதே 2019 சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள்.

மனுவை ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 34-வது பிரிவு வழி செய்திருக்கிறது. கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுக் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். சில கம்பெனிகள் அங்கேயே இறங்கி வந்துவிடுகின்றன. வக்கீல் நோட்டீஸ் சட்டப்படி அவசியமில்லை என்றாலும் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கிற மாதிரி ஒன்று அனுப்புங்கள்.

எதிர்மனுதாரருக்குப் பதில் மனு போட 30 நாள், மேற்கொண்டு 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று 2020-ல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பதில் மனு வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பகுதி லைன் ராத்திரியில் எவ்வளவு நிரம்புகிறது என்ற கிராஃப் கம்பெனியின் கம்ப்யூட்டரில் நாள்வாரியாக இருக்கும். சம்பந்தப்பட்ட மாதங்களின் பதிவைத் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி மனுப் போடுங்கள். ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்ல ஆணையத்துக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் இருக்கிறது. பதிவைக் கொண்டுவந்தால் நெரிசல் கண்ணுக்குத் தெரியும். கொண்டுவராவிட்டால், மறைக்க ஏதோ இருக்கிறது என்று வாதிட நமக்கு இடம் கிடைக்கும்.

குறை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அதற்குள் வருட பிளான் முடிந்துவிட்டால் மறுபடியும் மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுகிற பிளானுக்கு மாறிக்கொள்ளுங்கள்.