ஒரு வகுத்தல் கணக்கு, மூன்று பாடநூல்கள்

மேல்நிலை வகுப்பில் குறைக்கடத்திப் பாடம் வரும்போது உயிரியல் பிரிவு மாணவர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். "நர்சிங் படிக்கப் போறவங்களுக்கு டையோடு எதுக்கு?" என்ற கேள்வியை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.1 எலக்ட்ரான் வோல்ட் என்பதை ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்தும்விடுகிறார்கள். அந்த எண்ணுக்கும் புரதத்தின் வடிவத்துக்கும் உள்ள தொடர்பை இரண்டு பாடவேளைகளில் நான் நடத்தும் முறை இது.

முட்டையிலிருந்து தொடங்கலாம்

சத்துணவு முட்டை எல்லோருக்கும் தெரியும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு வழவழவென்று தெளிவாக இருக்கிறது. அவித்தால் வெண்மையாகக் கெட்டிப்படுகிறது. அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட வரிசை மாறவில்லை. சங்கிலி மடிந்திருந்த விதம்தான் குலைந்துவிட்டது. புரதத்தின் வேலை அதன் மடிப்பைப் பொறுத்தது. இன்சுலினைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொல்வதும் அது கெடாமல் இருக்கத்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் கொலாஜன் புரதத்தின் முச்சுருள் அமைப்பை எக்ஸ் கதிர் ஆய்வின் வழியே முன்வைத்தார். எக்ஸ் கதிர் முறைக்குப் படிகமோ ஒழுங்கான இழையோ தேவை. கரைசலில் உள்ள புரதத்தின் மடிப்பை விரைவாக அறியப் புற ஊதாக் கதிர் உதவுகிறது.

புரதம் உறிஞ்சும் ஒளி

டிரிப்டோபான், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்கள் 280 நானோமீட்டர் அருகே புற ஊதா ஒளியை உறிஞ்சுகின்றன. பெப்டைடு பிணைப்பு ஏறத்தாழ 220 நானோமீட்டருக்குக் கீழே வலுவாக உறிஞ்சுகிறது. வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் சுழன்று செல்லும் ஒளியைப் புரதம் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. அந்த வேறுபாட்டை வரைபடமாக்கினால் ஆல்ஃபா சுருளுக்கு 208, 222 நானோமீட்டரில் இரண்டு பள்ளங்களும், பீட்டா தாளுக்கு 218 அருகே ஒரு பள்ளமும் தெரியும். மடிப்பு குலைந்தால் வரைபடமும் மாறும். ஆனால் இந்த வேறுபாடு மிகச் சிறியது. அதை அளக்கும் உணர்வி நம்பகமாக இருக்க வேண்டும்.

தேவையற்றதைப் பார்க்காத உணர்வி

இங்கேதான் வகுத்தல் கணக்கு வருகிறது. 1240ஐ ஆற்றல் இடைவெளியால் (எலக்ட்ரான் வோல்ட்டில்) வகுத்தால், அந்தக் குறைக்கடத்தி உணரக்கூடிய மிக நீண்ட அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும்.

சிலிக்கான்: 1240 ÷ 1.12 = சுமார் 1107
கேலியம் நைட்ரைடு: 1240 ÷ 3.4 = சுமார் 365
அலுமினியம் நைட்ரைடு: 1240 ÷ 6.2 = 200

சிலிக்கான் புற ஊதாவோடு கண்ணுறு ஒளியையும் அகச்சிவப்பில் ஒரு பகுதியையும் உணர்கிறது. கருவிக்குள் சிதறும் கண்ணுறு ஒளி சிறிதளவு விழுந்தாலும் புரதம் தந்த மெல்லிய குறிப்போடு கலந்துவிடும். அதனால் வடிகட்டிகள் தேவைப்படுகின்றன. மேலும், 280 நானோமீட்டர் ஒளி சிலிக்கானின் மேற்பரப்பில் சில நானோமீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சப்படுவதால், உருவாகும் மின்னூட்டங்களில் ஒரு பகுதி அங்கேயே வீணாகிறது.

நெடுங்காலமாகப் பயன்படும் ஒளிப்பெருக்கிக் குழாய் மிகவும் நுட்பமானது. ஆனால் அது வெற்றிடக் குழாய். பல நூறு வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். கேலியம் நைட்ரைடுடன் அலுமினியத்தைச் சேர்த்து அதன் விகிதத்தை மாற்றினால் எல்லையை 365க்கும் 200க்கும் இடையே விரும்பிய இடத்தில் வைக்கலாம். இடைவெளி 4.4 என்றால் எல்லை 282. அந்த உணர்வி புரதத்தின் 280ஐப் பார்க்கும். கண்ணுறு ஒளியைப் பொருட்படுத்தாது. எதை உணரக் கூடாது என்பதும் ஓர் உணர்வியின் தகுதியே என்பதை மாணவர்கள் இங்கே புரிந்துகொள்கிறார்கள்.

கேலியம் நைட்ரைடு அவர்களுக்கு அந்நியப் பொருளும் அல்ல. வகுப்பறை எல்.இ.டி. விளக்கின் அடிப்படை அதுதான். நீல எல்.இ.டி.க்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவை: நிறமற்ற மூடி கொண்ட சிவப்பு, நீல எல்.இ.டி.கள், 3 வோல்ட் பட்டன் செல், மல்டிமீட்டர், கறுப்புத் தாள் குழல்.

1. சிவப்பு எல்.இ.டி.யை மல்டிமீட்டரில் இணைத்து 2 வோல்ட் நிலையில் வையுங்கள். குழலின் மறுமுனையில் நீல எல்.இ.டி.யை எரியவிடுங்கள். அளவீடு உயரும்.
2. இரண்டையும் இடம் மாற்றுங்கள். இப்போது நீல எல்.இ.டி. மல்டிமீட்டரில், சிவப்பு எரிகிறது. அளவீடு ஏறக்குறைய சுழியாக இருக்கும்.

காரணத்தை மாணவர்களே கணக்கிடட்டும். 460 நானோமீட்டர் நீல ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 2.7, 630 நானோமீட்டர் சிவப்பு ஃபோட்டானுக்கு சுமார் 2.0. நீல எல்.இ.டி.யின் இடைவெளியைத் தாண்டச் சிவப்பு ஃபோட்டானால் முடியாது. புற ஊதா விளக்கு எதையும் வகுப்பில் பயன்படுத்த வேண்டாம், கண்ணுக்குத் தீங்கு. இந்தச் செயல்பாட்டுக்கு அது தேவையும் இல்லை.

முடிந்தால் வேதியியல், விலங்கியல் ஆசிரியர்களையும் இந்தப் பாடவேளைக்கு அழையுங்கள். பெப்டைடு பிணைப்பை ஒருவரும் மடிப்பை ஒருவரும் விளக்கும்போது, பிரிந்து கிடந்த மூன்று பாடங்கள் ஒரே கேள்வியைச் சுற்றி நிற்பதை மாணவர்கள் பார்க்கிறார்கள்.

மதிப்பீட்டுக்கு நான் தரும் வினா: வைரத்தின் ஆற்றல் இடைவெளி 5.5 எலக்ட்ரான் வோல்ட். வைர உணர்வி ஆல்ஃபா சுருளின் இரண்டு பள்ளங்களையும் பார்க்குமா? 280ஐப் பார்க்குமா? காரணம் கூறுக.