உயிரணுவும் காப்புணவும்

கடலூர் மாவட்டத்து நெய்வேலி நகரியம் பழுப்பு நிலக்கரியால் எழுந்த ஊர். 1956 ஆம் ஆண்டில் அக்கரியை அகழ்வதற்கென நிறுவனம் அமைந்தது. 1962 இல் மின்னாக்கம் தொடங்கிற்று. நிலக்கரி எவ்வகையதாயினும் அதில் யுரேனியமும் தோரியமும் மிகச் சிற்றளவில் கலந்திருக்கும். கரி எரிந்து நீங்க, அவை சாம்பலிற் செறிந்து நிற்கும். எனினும் கதிர்வீச்சு நெய்வேலிக்கு மட்டும் உரியதன்று. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் அஃது எவ்வூர்க்கும் வந்துகொண்டே இருக்கிறது. அண்மையிலுள்ள பண்ருட்டியின் பலாச்சுளையிலும் பொட்டாசியம் உண்டு; அதன் ஒரு சிறு கூறு இயல்பாகவே கதிர் வீசுவது. அதனை உண்ணும் மனித உடலும் அத்தகையதே!

ஆற்றல் மிக்க கதிர் உயிரணுவுட் புகுங்கால் பெரும்பாலும் நீரையே தாக்குகிறது. உயிரணுவின் பெரும்பகுதி நீரன்றோ? தாக்குண்ட நீர் மூலக்கூறு உடைய, ஹைட்ராக்சில் என்னும் தனியுறுப்புத் தோன்றும். இணையற்ற எலக்ட்ரான் உடைய அது, அருகிலுள்ள பொருளிலிருந்து ஒன்றைப் பறித்தாலன்றி அமையாது. மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. அதன் கையில் அகப்படின் இழை அறும்.

நெல்லியிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி, தன் எலக்ட்ரானை ஈந்து அத்தனியுறுப்பை அடக்கவல்லது. ஈந்த பின்னும் அது பிறவற்றை எளிதில் தாக்குவதில்லை. நிலக்கடலையிலுள்ள வைட்டமின் ஈ, உயிரணுவின் கொழுப்புச் சவ்வைக் காக்கும்.

ஆயின், நெல்லிக்கனி தின்றாரைக் கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கின், அவற்றுட் சில கூறுகளே ஹைட்ராக்சிலின் வாழ்நாள். டி.என்.ஏ.வை ஒட்டித் தோன்றிய ஒன்றை வைட்டமின் அணுகுமுன்னரே தீங்கு நேர்ந்துவிடும். அறுந்த இழையைப் பின்னர்ப் பொருத்துவன உயிரணுவிலுள்ள நொதிகள். அவை இடையறாது தொழில் புரிவதனாலேயே இயற்கைக் கதிர்வீச்சினூடே உயிர்கள் வாழ்கின்றன.

காப்புப் பொருளை மாத்திரையாக மிகுத்து உண்டால் காப்பு மிகுமோ? பின்லாந்தில் புகைபிடிப்போர்க்குப் பீட்டா கரோட்டீன் மாத்திரை அளித்து ஆய்ந்தனர். முருங்கைக்கீரையிலும் உள்ள அப்பொருள் நுரையீரற் புற்றைத் தடுக்கும் என்பது எதிர்பார்ப்பு. 1994 இல் வெளியான முடிவோ, மாத்திரை உண்டாரிடையே அந்நோய் மிகுந்தமையைக் காட்டிற்று!

புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் பெறுவார் நிலை இன்னும் நுட்பமானது. அங்குக் கதிர் செலுத்தப்படுவதே புற்றணுவை அழித்தற்பொருட்டு. பேரளவு வைட்டமின் மாத்திரைகள் நல்ல உயிரணுவோடு புற்றணுவையும் காக்கக்கூடும் என மருத்துவர் ஐயுறுகின்றனர். ஆதலின், உறவினர் அன்பு மிகுதியால் வாங்கித் தரும் மாத்திரையை மருத்துவர் அறியாமல் அவர் உண்ணலாகாது. உணவோடு கொள்ளும் நெல்லிக்காய்த் துவையலுக்குப் பொதுவாக அத்தடை இல்லை.