சங்கரன்கோயிலும் சுற்றுப்புறச் சின்னங்களும்

ஒருவன் தன் ஊரின் வரலாற்றை அறியாது பிறநாட்டு வரலாறுகளை மட்டும் பயிலுதல், தன் வீட்டு வாயிலை நோக்காது அயலார் மாளிகையின் தூண்களை எண்ணுதல் போலும். இங்கிலாந்தில் 1899 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'விக்டோரியா கோட்ட வரலாறு' என்னும் நூல்வரிசை, சிற்றூர்களையும் விடாது அவற்றின் ஆலயம், பண்ணை, பெயர் முதலியவற்றை ஆராய்ந்து தொகுத்து வருகின்றது. நம் ஊர்களும் அத்தகைய ஆராய்ச்சிக்கு ஏற்றனவே. சங்கரன்கோயிலையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஓர் ஊரின் சின்னங்களை எங்ஙனம் கற்றல் வேண்டும் என்பதை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

ஊரும் பேரும்

இவ்வூர் 2019 ஆம் ஆண்டு வரையில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அவ்வாண்டில் தென்காசி மாவட்டம் தனியே பிரிந்தபின் அதனைச் சேர்ந்துள்ளது. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் இதன் பெயர் 'சங்கரநயினார்கோயில்' என்று காணப்படுகின்றது. நயினார் என்பது தலைவன், இறைவன் எனப் பொருள்படும் உயர்வுச்சொல். தமிழ்ச் சமணர் அதனை இன்றும் தம் பெயரோடு வழங்குவர். மக்கள் நாவில் அச்சொல் தேய்ந்து மறைய, நெடும்பெயர் சங்கரன்கோயில் எனக் குறுகிற்று. பழைய ஆவணம் ஒன்றைத் தேடுவோன் இப்பெயர் வேறுபாட்டை அறியானாயின், தன் ஊரின் பெயரையே கண்டும் காணாது கடந்து செல்வான்.

கோயில்

கோயிலே ஊர்ப்பெயராயினமையின், முதற்கண் நோக்கத்தக்கதும் அதுவே. ஏறக்குறைய 125 அடி உயரமும் ஒன்பது நிலைகளும் உடைய கோபுரம் நெடுந்தொலைவிலிருந்தே தோன்றும். உள்ளே சங்கரலிங்கர், கோமதியம்மை, சங்கரநாராயணர் ஆகிய மூவர்க்கும் சந்நிதிகள் உள. சங்கரநாராயணர் திருவுருவின் வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாய் அமைந்திருத்தல் இத்தலத்தின் தனிச்சிறப்பு.

இவ்வுருவிற்குத் தலபுராணம் கூறும் காரணம் வருமாறு: சங்கன், பதுமன் என்னும் நாகவரசர் இருவர், சிவன் பெரியனோ திருமால் பெரியனோ என்று வாதிட்டு, முடிவு காணாது அம்மையிடம் சென்றனர். அம்மை தவமிருந்து வேண்ட, இறைவன் இருவரும் ஓருருவாகக் காட்சியளித்தார். ஆடித் திங்களில் நிகழும் ஆடித்தபசு விழா இத்தவத்தின் நினைவேயாகும். கோயிலினுள் இருக்கும் நாகசுனையும், அன்பர் பிணி நீக்கும் மருந்தாகக் கொண்டுசெல்லும் புற்றுமண்ணும் அந்நாகர் கதையோடு தொடர்புடையனவே.

கிறிஸ்தவராகிய யாம் இக்கதையைச் சமயக் கொள்கையாக ஏற்கின்றோமல்லோம். எனினும் ஊர்வரலாறு கற்போர்க்கு இஃது ஒரு சான்று என்பதில் ஐயமில்லை. சைவரும் வைணவரும் வழக்கிட்ட காலம் உண்டென்பதும், அவ்வழக்கைத் தீர்க்க விழைந்தோர் இந்நாட்டில் இருந்தனரென்பதும் இக்கதையினின்று உய்த்துணரத்தக்கன.

பெருங்கோட்டூர்

கோயிலை எழுப்பியவன் உக்கிரபாண்டியன் என்பது வழிவழி வரும் செய்தி. அவன் ஏறிவந்த யானை ஓரிடத்தில் தன் கோட்டினால் நிலத்தைக் குத்தி வீழ்ந்ததென்றும், அப்பொழுது புன்னைவனக் காவலன் ஒருவன் புற்றில் இலிங்கம் கண்ட செய்தியைக் கொணர்ந்தானென்றும், யானை வீழ்ந்த இடமே அருகிலுள்ள பெருங்கோட்டூர் என்றும் கூறுவர்.

தமிழ் மாணவர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். கோடு என்னும் சொற்குத் தந்தம் மட்டுமன்றி, மலைச்சிகரம், நீர்க்கரை, மரக்கொம்பு எனப் பல பொருள்களும் உண்டு. பெரிய நீர்க்கரையை உடைமையின் பெருங்கோட்டூர் எனப்பட்டு, பின்னர் யானைக்கதை அப்பெயரோடு பொருந்தியிருத்தலும் கூடும். இஃது எம் கருத்தேயன்றி முடிபன்று. ஊர்ப்பெயர் கதையைப் பெற்றதோ, கதை ஊர்ப்பெயரைப் பெற்றதோ என்று வினவாது எதனையும் வரலாறென்று எழுதுதல் தகாது.

பூலித்தேவர் நினைவு

சங்கரன்கோயிலுக்கு மேற்கேயுள்ள நெற்கட்டும்செவல், பாளையக்காரர் பூலித்தேவரின் இருப்பிடம். ஆர்க்காட்டு நவாபுக்கும் கும்பினியார்க்கும் கப்பம் செலுத்த மறுத்து அவர் நெடுநாள் எதிர்த்து நின்றார். 1761 ஆம் ஆண்டில் யூசுப்கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைக் கைப்பற்றினான். கால்டுவெல் ஐயர் 1881 இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்திலும் இப்போர்களின் செய்திகளைக் காணலாம்.

ஆயின் பூலித்தேவரின் முடிவைப் பற்றி மக்கள் கூறுவது வேறு. சிறைப்பட்டுச் செல்லும் வழியில் அவர் சங்கரன்கோயிலில் வழிபட விடைபெற்று உட்சென்று, இறைவனோடு ஒன்றி மறைந்தார் என்பர். அவ்விடமெனக் கோயிலினுள் ஓர் அறையையும் காட்டுவர். கும்பினியார் ஏடுகள் வென்றோரால் எழுதப்பட்டவை. அறையின் கதை தோற்றோர் நெஞ்சில் எழுதப்பட்டது. பின்னது நிகழ்ச்சிக்குச் சான்றாகாவிடினும், தம் தலைவன் பகைவர் கையில் மாண்டான் என்பதை இம்மக்கள் ஏற்க மறுத்தனர் என்பதற்குச் சான்றாகும். இரண்டையும் எழுதுக; ஒன்றை மற்றொன்றாக எழுதற்க.

கரிவலம்வந்தநல்லூர்

வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் உளது. பஞ்சபூதத் தலங்களெனப் பெயர்பெற்ற இவ்வட்டாரக் கோயில்கள் ஐந்தனுள் சங்கரன்கோயில் மண்ணுக்கும் கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்கும் உரியன. பிரமோத்தர காண்டம் பாடிய வரதுங்கராம பாண்டியரோடு தொடர்புடையதாகையால் தமிழ் மாணவர்க்கு இஃது உரிமையூருமாம்.

இவ்வூர்க் கோயிலில் பாண்டிய அரசர் ஒருவருடைய ஏட்டுச்சுவடிகள் இருந்தன என்று கேள்வியுற்று, டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆவலோடு ஆங்குச் சென்றார். பழுதுற்ற ஏடுகளை நெருப்பிலிடுதல் முறையென்று கருதி, அவற்றை முன்னரே எரித்துவிட்டனர் என்னும் விடையே அவர்க்குக் கிடைத்தது. இத்துயரத்தை அவர் 'என் சரித்திர'த்தில் எழுதியுள்ளார். எரித்தோர் தமிழுக்குப் பகைவரல்லர். செய்வது கடமையென்றே எண்ணிச் செய்தனர். அவற்றுள் யாவை இருந்தன என்பதை இனி எவர் அறிவார்? கற்கோயில் நிற்கின்றது, சொற்கோயில் சாம்பராயிற்று.

மாணவர் கடமை

கோபுரம் நம்மை எதிர்நோக்கி நிற்கும், முதியோர் நில்லார். பெருங்கோட்டூர்க் கதையை அறிந்தோர், பழைய பெயர்களை நினைவிற் கொண்டோர் ஒவ்வொருவராய் மறையுந்தோறும் ஓர் ஏடு எரிகின்றது. ஆதலின் விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு கொண்டு செல்வாராக. ஊர்ப்பெயரின் எல்லா வடிவங்களையும் குறிக்க. கதையைக் கேட்டவாறே எழுதி, கூறியவர் யாவர், எந்நாளிற் கூறினார் என்பதையும் உடன் எழுதுக. கல்லெழுத்தைத் திருத்தாது படியெடுக்க. கண்டது இது, கேட்டது இது, கருதியது இது என மூன்றையும் பிரித்து வைக்க.

பட்டம் பெறுமுன் இத்துணையேனும் செய்வோமாயின், நம்மைப் பெற்ற ஊருக்கும் நாம் கற்ற தமிழுக்கும் பட்ட கடனில் ஒரு சிறு பங்கைத் தீர்த்தவராவோம்.