கோலின் அழகு பந்துக்குத் தெரியுமா?

மாணவர்களே, சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ பூல் மேசை உள்ள கடைகளில் சுவரோரம் சாத்தியிருப்பவை பெரும்பாலும் வெறும் மரக்கோல்களே. சித்திர வேலைப்பாடுள்ள சொந்தக் கோலைத் தோளில் மாட்டிவரும் அண்ணன்மாரும் உண்டு. எது நன்றாக அடிக்கும்?

கோலின் பொருண்மை ஏறக்குறைய 540 கிராம். பந்தினுடையது 170 கிராம். இரண்டும் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். அதற்குள் உந்தம் கைமாறிவிடுகிறது. பந்தைத் தொடுவதோ நுனியில் ஒட்டிய தோல் மட்டும். வேலைப்பாடெல்லாம் பிடிப்பக்கத்தில், பந்துக்கு அது தெரியாது.

ஆகவே எளிய கோலையே எடுக்கலாம், சோதித்துவிட்டு. மேசைமீது உருட்டும்போது நுனி ஏறி இறங்கினால் மரம் வளைந்திருக்கிறது. நம் ஈரக்காற்றில் மரம் நீரை உறிஞ்சி வளைவது புதிதல்ல. அடுத்து, நுனித்தோலைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் உராய்வு குறைவு. பந்தின் மையத்தை விட்டுச் சற்றுத் தள்ளி அடிக்கும்போது நுனி வழுக்கிவிடும். நீலச் சாக் பூசுவது இதற்குத்தான். (பெயர்தான் சாக். அதில் இருப்பது கரும்பலகைச் சுண்ணக்கட்டி அன்று. சிலிக்கா போன்ற சொரசொரப்பான தூள்.)

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுனிக்குத் தோல் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தவர் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர். பந்தை விருப்பப்படி சுழலவிடும் ஆட்டம் அதன்பிறகே வளர்ந்தது.