டாக்கரும் பிறர் எழுதும் செருகுநிரல்களும்

கேள்வி: டாக்கரில் பிற நிறுவனங்களின் செருகுநிரல்களைச் சேர்ப்பது ஏன்? அது பாதுகாப்பானதா?
- வாசகர், வடபழஞ்சி, மதுரை

பதில்: ஒரு செயலியை அதற்குத் தேவையான நூலகங்களோடு ஒரே பொதியாகக் கட்டி ஓடச் செய்யும் கொள்கலன் முறையை, 2013இல் வெளியான டாக்கர் பரவலாக்கியது. கொள்கலனை நீக்கினால் அதனுள் எழுதிய தரவும் அழியும் என்பதாலும், வெளியே ஒரு கணினியின் வட்டில் வைத்தாலோ கொள்கலன் வேறு கணினிக்கு மாறுகையில் அத்தரவு உடன்செல்லாது என்பதாலும், சேமிப்பகத்தை இணைக்கும் நிரலைப் பிறரும் எழுதித் தருமாறு 2015இல் செருகுநிரல் முறை அறிமுகமானது.

செருகுநிரல் டாக்கருக்குள் கலந்துவிடுவதில்லை. தனியே ஓடி, ஒரே கணினியின் இரு நிரல்கள் பேசிக்கொள்ளும் வாயிலாகிய சாக்கெட்டில் காத்திருந்து, தான் கவனிப்பது சேமிப்பகமா வலையமைப்பா என்பதை முதலில் அறிவித்து, பின்னர் வரும் கட்டளைகளை நிறைவேற்றுகிறது. கொள்கலன் இடம் மாறினாலும் தரவு நிலைக்க வேண்டும் என்னும் ஏறத்தாழ இதே தேவைக்காக, பல கணினிகளில் கொள்கலன்களை மேலாளும் குபர்நெட்டீசுக்கென இந்தியாவில், பெங்களூரில், உருவானதே ஓப்பன்இபிஎஸ் என்னும் திறமூலச் சேமிப்பகம். இது பெருமைக்குரிய பங்களிப்பு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை கவனம் இன்றியமையாதது. ஏனெனில் பல செருகுநிரல்கள் கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. 2017இல் வந்த 1.13 பதிப்பு முதல், டாக்கர் வழியே நிறுவப்படும் செருகுநிரல் கோரும் உரிமைகள் பட்டியலிட்டுக் காட்டப்படுவதால், அதைப் படித்த பின்னரே ஒப்புதல் தர வேண்டும். எழுதியவர் நிலைப்பாரா என்பதும் முக்கியம்: புகழ்பெற்ற ஃப்ளாக்கர் செருகுநிரலை உருவாக்கிய கிளஸ்டர்ஹெச்கியூ நிறுவனம் 2016 இறுதியிலேயே மூடப்பட்டது.