மீனின் குருதியும் குளத்து நீரும்

கண்டிச் சந்தையில் மீன் வாங்குவோர் முதலில் பூவைத் தூக்கிப் பார்ப்பர். சிவந்திருப்பின் நல்ல மீன் என்பர். தோட்டத்து மூலையிற் குளம் வெட்டி மீன் வளர்க்கும் கமக்காரரும் இச்சோதனையை உயிர்மீனிற் செய்யப் பழகுதல் வேண்டும்.

பூவின் செம்மை குருதியின் செம்மையே. செங்குழியங்களில் உள்ள ஈமோகுளோபின் என்னும் இரும்புச்சத்துப் பொருள், நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைப் பற்றி உடலெங்கும் கொண்டு செல்கின்றது. ஒரு லீற்றர் வளியில் 250 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஒட்சிசன் உண்டு; 25 பாகை செல்சியசு வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீரிலோ சாதாரணமாக 8 மில்லிகிராமளவே கரையும். இவ்வறுமையிலும் மீன் வாழ்வது எங்ஙனம்? பூவின் மெல்லிய இதழ்களில் நீர் ஒரு திசையிலும் குருதி எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. ஆதலின் குருதி வழிநெடுகிலும் தன்னிலும் ஒட்சிசன் கூடிய நீரையே சந்திக்கின்றது. நமது சுவாசப்பை வளியிலுள்ள ஒட்சிசனிற் காற்பங்கையே எடுக்க, மீன் நீரிலுள்ளதிற் பெரும்பங்கை எடுத்துவிடும்.

ஆயினும் நீரில் இல்லாததை எடுத்தல் இயலாது. 1999ஆம் ஆண்டிற் கண்டி ஏரியிற் பாசி பெருகி நீர் பச்சையானது. பசளையும் கழிவும் சேரும் எக்குளத்திலும் இவ்வாறு நிகழலாம். பகலில் ஒட்சிசனை வெளிவிடும் பாசி, இரவில் மீனோடு சேர்ந்து தானும் அதனை உட்கொள்ளும். அதனால் விடியற்காலமே ஆபத்தான வேளை. அப்போது காபனீரொட்சைட்டு மிகுதலின் குருதியின் பற்றுந்திறனும் குன்றும். மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து நிற்பின் உடனே புதுநீர் பாய்ச்சுக, எருவிடுதலை நிறுத்துக.

நண்பகலிலும் மீன் இளைப்பின் ஒன்றைப் பிடித்துப் பூவைப் பார்க்க. செத்த மீனைப் பார்ப்பதிற் பயனில்லை. அதன் நிறம் விரைவில் மாறிவிடும். உயிர்மீனின் பூ கபிலநிறமாயின் கேடு வேறு. மழையோடு பாத்தியிலிருந்து வந்த யூரியாவும், குளத்தடியில் அழுகும் எருவும் தீனும் அமோனியாவாகிப் பின்னர் நைத்திரைற்றாகும். அது பூவழியே புகுந்து ஈமோகுளோபினைக் கெடுத்தபின், நீரில் ஒட்சிசன் நிரம்பியிருந்தும் குருதி அதனைச் சுமக்கமாட்டாது. இதனை அறியாது, அயலவன் நஞ்சிட்டான் எனப் பிணங்குவாரும் உளர்.

இதற்குக் கறியுப்பே மருந்து. உப்பிலுள்ள குளோரைட்டு, பூவில் நைத்திரைற்று புகுவதைத் தடுக்கும். ஒரு கனமீற்றர் நீருக்கு 150 கிராம் வீதம் கரைத்து ஊற்றுக. 4 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் 1 மீற்றர் ஆழமுமுள்ள குளத்துக்கு 1.8 கிலோகிராம் போதும். பூ மீண்டும் சிவக்கும்வரை தீன் இடற்க. அடுத்த மழைக்கு முன்னர், மரக்கறிப் பாத்திக்கும் குளத்துக்கும் இடையே ஒரு வடிகால் வெட்டிவிடுக.