டிரைவரைக் கழற்றும் வரிசை

கேள்வி: நான் எழுதிய லினக்ஸ் டிரைவரை ஆர்எம்மாட் கொடுத்து நீக்கும்போது சில சமயம் கர்னல் விழுந்துவிடுகிறது. ஏன்?
– கல்லூரி மாணவர், மேலநீலிதநல்லூர்

பதில்: நினைவகத்தை விடுவித்த பிறகும் இன்டரப்ட் ஹேண்ட்லர் இன்னொரு சிபியூவில் ஓடிக்கொண்டிருக்கலாம், முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். சாதனத்தின் ரெஜிஸ்டரிலேயே இன்டரப்டை அணையுங்கள். அடுத்து ஃப்ரீ_ஐஆர்க்யூ: நடப்பிலுள்ள ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருந்துதான் அது திரும்பும். பிறகு ஹேண்ட்லர் கிளப்பிவிட்ட வொர்க், டைமர்களை நிறுத்துங்கள். கடைசியில்தான் நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீ. டெவ்எம் முறையில் இன்டரப்ட் பெற்றிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகே கர்னல் அதை விடுவிக்கும். ரிமூவுக்குள்ளேயே கேஃப்ரீ செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பகிர்வு இன்டரப்ட் லைன் என்றால், உங்கள் சாதனம் அணைந்திருந்தாலும் பக்கத்துச் சாதனத்தால் உங்கள் ஹேண்ட்லர் அழைக்கப்படும். கர்னலை கான்ஃபிக்_டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ தேர்வுடன் கட்டுங்கள். பகிர்வு இன்டரப்டை விடுவிக்கும் நேரத்தில் அது ஹேண்ட்லரை வேண்டுமென்றே ஒருமுறை அழைத்துப் பார்க்கும். அவசியம் சோதியுங்கள்.